முப்பத்தாறு கீழ்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டைப் பார்த்து விசா விண்ணப்பத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியவள் நான்தான். ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. அவர் யாரையும் பெயர் சொல்லி அழைத்தவர் இல்லை. அந்த மரியாதையை அவருக்கே திருப்பிச் செய்கிறேன்.

துபாய் அல் கூஸில் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் பதினேழு வருஷம் கேம்ப் பாஸாக இருந்தார். பாஸ் என்றதும் முதலாளி என்று நினைத்துவிடக் கூடாது. சம்பளம் கொடுப்பது கம்பெனி. யாருக்கு எந்தக் கட்டில், யார் எப்போது குளிக்கலாம், எந்த அடுப்பில் யார் சமைக்கலாம், எந்தக் கொடியில் எந்தக் கைலி காயலாம் என்று தீர்மானிப்பது இவர். இருநூறு இரட்டைக் கட்டில்கள், மேல் தட்டில் ஒருவர், கீழ்த் தட்டில் ஒருவர். நானூறு ஆண்களும் அவருக்கு எண்கள்தான். நூற்றுப்பத்து மேல், நாற்பத்தொன்று கீழ். எங்கள் அப்பா முப்பத்தாறு கீழ்.

அப்பா அவரை ‘ராட்சசன்’ என்றுதான் சொல்வார். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் ராட்சசன் கதை ஒன்று வரும். ஈரத் துண்டைக் கட்டில் கம்பியில் போட்டதற்காக ஒருவனை மூன்று நாள் தனியே பாத்ரூம் கழுவ வைத்தது. அறைக்கதவுகளில் எல்லாம் பதினோரு விதிகளைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியது. யாரோ மறைத்துவைத்த மின்அடுப்பை மோப்பம் பிடித்தே கண்டெடுத்தது. இதையெல்லாம்விட அப்பாவை அசத்தியது அந்த நோட்டு. ஆறு மாதத்துக்கு ஒரு நோட்டு போடுவாராம். அதில் கட்டில் எண்ணும் ஆளும் எழுதினால் எழுதியதுதான். அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. கெஞ்சினாலும் அழுதாலும் அடுத்த நோட்டு வரை காத்திருக்க வேண்டும்.

“யாரையும் ஒரு வார்த்த கேக்க மாட்டான்த்தா. நம்மள ஒரு பார்வ பாப்பான், எழுதிருவான்,” என்பார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். பி.காம்., முதல் வகுப்பு. அப்பா கேம்ப்பை விட்டு ஊர் திரும்பிய அடுத்த வருஷம், அதே அல் கூஸில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். விசா, வேலை ஒப்பந்தம், பயண ஏற்பாடு என்று அரசு அலுவலகத்துக்குப் போகிற எந்தத் தாளும் முதலில் எங்களைப் போன்ற ஒரு கடையின் மேசைக்குத்தான் வரும். என் மேசையில் என் பெயர் பொறித்த பலகை ஒன்று இருந்தது. என் சொந்தச் செலவில் செய்துவைத்தது. அப்பா முதுகு குனிந்து சிமெண்டு சுமந்த அதே தெருவில் என் பெயர் நிமிர்ந்து நின்றது.

ஒரு செப்டம்பர் மாதம் அவர், ஊரிலிருந்து வந்திருந்த தன் மனைவியோடு உள்ளே வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா, கக்கத்தில் ஒரு நீள நோட்டு. பெயர்ப் பலகையை அவர் பார்க்கவே இல்லை. என் காதைப் பார்த்தார்.

“நீ முப்பத்தாறு கீழ் மவதானே? காது அப்புடியே இருக்கு.”

“என் பேரு அங்க எழுதியிருக்கு சார்.”

“எழுதியிருக்கும், எழுதியிருக்கும். எங்க தங்கியிருக்கே? மேலா, கீழா?”

மற்றவர்கள் சௌக்கியமா என்று கேட்கிற இடத்தில் அவர் கேட்பது இது. “தனி ரூம்,” என்றேன். உண்மையில் ஆறு பெண்கள் தங்கும் ஒரு அறையில் எனக்கு மேல் கட்டில். அப்பாவிடமும் தனி ரூம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவர் என் நெற்றியில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். “அது என்ன?”

“பாத்ரூம் கதவு இடிச்சிருச்சு.”

“இடிக்கும். மேல் பெட்டுக்காரங்க எல்லாருக்கும் அந்தப் பாத்ரூம் கதவு உண்டு,” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பினால் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. அம்மா என்று அழைக்கப் போனேன். “லாத்தான்னு கூப்புடு மவளே, போதும்,” என்றார். அக்காவுக்கு அவர்கள் ஊரில் அதுதான் சொல்.

லாத்தாவின் ஊர் ராமநாதபுரத்துக் கடற்கரை. அங்கே வீடு பெண் பிள்ளைக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். அப்படி வந்தவர்தான் இவரும். வந்த மூன்றாம் வருஷம் வளைகுடாவுக்கு விமானம் ஏறியவர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் போய்ப் பெட்டியைப் பிரித்துவிட்டுத் திரும்பி வருவார். ஐம்பத்தெட்டு வயதிலும் அந்த வீட்டில் அவர் ‘மாப்பிள்ளை’தான். யாரும் பெயர் சொல்வதில்லை.

“எங்க வீட்டுல இவுகளுக்கு ஒரு ரூம் உண்டும்மா,” என்றார் லாத்தா. “அதுல உம்மா துணி மடிச்சு வச்சிருக்கு.”

கம்பெனி அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. நியாயமாக அவர் ஊருக்குப் போக வேண்டும். அதற்குள் சவூதியிலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டது. யான்புவில் புதிதாக ஒரு கேம்ப் திறக்கிறார்கள். அனுபவம் உள்ள கேம்ப் பாஸ் வேண்டும். அக்டோபர் கடைசிக்குள் சம்மதக் கடிதம் அனுப்ப வேண்டும்.

“ஆயிரத்து எரநூறு பெட்டு,” என்றார் என்னிடம். பக்கத்து ஊரில் முத்து விளைகிறது என்று சொல்பவரின் முகம் அப்போது அவருக்கு.

“வீட்டுல ஒரே ஒரு கட்டில் கெடக்கு. அதுக்குப் பாஸா இருக்க வரமாட்டேங்குறாக,” என்றார் லாத்தா.

அதனால் லாத்தா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதுவும் கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்த பிறகு போட்ட நிபந்தனை. ஒரு வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும் அடுப்பும் கட்டிலும் கழிப்பறையும் உள்ள கேரவன் வண்டி ஒன்றில் ஸ்பெயின் நாட்டின் தெற்கே கடலோரமாகச் சுற்றுகிறார்கள். வேறு யாரும் இல்லை. மாமியார் இல்லை, மைத்துனன் இல்லை, துணி மடித்துவைக்க ஆளும் இல்லை. இரண்டே பேர் உள்ள ஒரு வீடு. அப்படி ஒரு வீட்டில் லாத்தா தன் வாழ்நாளில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

“இருவத்தி நாலு நாளு என்கூட ஒரே வீட்டுல இருந்து பாருங்க. அதுக்கப்புறமும் யான்புதான்னு தோணுனா போங்க. நான் மறிக்க மாட்டேன்.”

“ஊர்ல வச்சு இருந்து பாக்கக் கூடாதா? இதுக்கு ஸ்பெயினு வரைக்கும் போகணுமா?” என்றார் அவர்.

“ஊர்ல எங்க உம்மா இருக்கு.”

மாமியாரைச் சொன்ன பிறகு அவரிடம் வாதம் இல்லை. நான் விசாவுக்கு விண்ணப்பித்தேன். மலாகாவில் வண்டியை வாடகைக்குப் பிடித்தேன். வழியில் தங்குவதற்கு, அத்தகைய வண்டிகளை நிறுத்தவென்றே உள்ள கேம்ப்பிங் இடங்களில் முன்பதிவு செய்தேன். கேம்ப் பாஸ் ஆவதற்கு முன்னால் பல வருஷம் கேம்ப் பஸ் ஓட்டியவர் என்பதால் வண்டியைப் பற்றிக் கவலை இல்லை. கவலை மொழிதான். “இங்கிலீசு வேணும்னா ஒனக்குத்தான் போன் போடுவோம்,” என்றார் லாத்தா. எனக்கு அது பெருமையாகவே இருந்தது. ஸ்பெயினில் என் ஆங்கிலம் தேவைப்படுகிறது.

முதல் அழைப்பு முதல் நாளே வந்தது. அங்கே எங்களுக்கு இரண்டு மணி நேரம் பின்னால். மலாகாவுக்குப் பக்கத்தில் ஒரு கேம்ப்பிங் வரவேற்பறையில் பதிவு செய்வதற்காகப் பாஸ்போர்ட்டைக் கேட்டிருக்கிறார்கள். இவர் கொடுக்கவில்லை.

“பதிஞ்சிட்டுச் சாயங்காலம் திருப்பித் தருவாங்களாம் சார்,” என்று அங்கிருந்த பெண் சொன்னதை மொழிபெயர்த்தேன்.

“எல்லாரும் அப்புடித்தாம்மா சொல்லுவாங்க. நானே சொல்லியிருக்கேன்.”

கடைசியில் அந்தப் பெண் அவர் கண்முன்னாலேயே நகல் எடுத்து, பாஸ்போர்ட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். இருபது நிமிஷம் ஆயிற்றாம். பின்னால் ஐந்து வண்டிகள் நின்றன.

மறுநாள் காலை லாத்தாவின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது.

“மவளே, வண்டி சோக்காத்தான் இருக்கு. பின்னாடி பெரிய கட்டிலு, ரெண்டு பேரு தாராளமாக் கால நீட்டிப் படுக்கலாம். ஓட்டுற சீட்டுக்கு மேல பரண் மாதிரி ஒரு எடம், ஏணி வச்சு ஏறணும். சின்னப் புள்ளைங்களுக்காம். இவுக நோட்ட எடுத்தாக, எழுதுனாக. ‘ஒனக்கு முட்டி வலி, நீ கீழ். நான் மேல்’னுட்டு ஏறிப் படுத்துட்டாக. முப்பத்தோரு வருசமாக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாக. இப்ப ஏணிக்கு அந்தப் பக்கம்.”

சிரித்தபடிதான் சொன்னார். நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் பதிவில் சிரிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. வண்டிக் கதவின் உள்பக்கம் விதிகள் எழுதிய தாள் ஒட்டப்பட்டுவிட்டது. செருப்பு கதவுக்கு இடப்பக்கம். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்காமல் குளிக்கக் கூடாது. அடுப்பு அணைத்ததும் கேஸ் வால்வு மூடியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

“புதுசா வந்த லேபர் மாதிரி இருக்கேன்,” என்றார் லாத்தா. “ஹெல்மெட்டு மட்டும் இன்னும் குடுக்கல.”

இரண்டாவது வாரம் அல்மேரியா பக்கம் கடலோரமாக ஒரு கேம்ப்பிங். நான்தான் தேர்ந்தெடுத்தேன், அதனால் பொறுப்பிலிருந்து தப்பிக்க முடியாது. லாத்தா அனுப்பிய படங்களில் மொட்டை மலை, நீலக் கடல், வழியெங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள். இங்கே மலையும் கடலுமாக இருக்கும் ஃபுஜைராவைக் கழுவி எடுத்துவைத்ததுபோல இருந்தது. அவர் வரவேற்பறையில் கேட்ட முதல் கேள்வி, அந்தத் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்கள் எந்த கேம்ப்பில் தங்குகிறார்கள் என்பது. போனில் நான் மொழிபெயர்த்தேன். வரவேற்பறைப் பையன் பதிலுக்குக் கழிப்பறைச் சாவியைக் கொடுத்தான்.

அன்று மாலை அவரே அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“மவளே, இங்க நெலம சரியில்ல. எல்லாம் எழுவது வயசுக்கு மேல. வெள்ளைக்காரங்க. பிளாஸ்டிக் தொட்டியில எச்சிப் பாத்திரத்தத் தூக்கிக்கிட்டுப் பொதுக் குழாயில வரிசையா நிக்கிறாங்க. பேப்பர் ரோலக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கக்கூசுக்கு நடக்குறாங்க. ஜட்டி எல்லாம் வெளிய காயுது. ஒருத்தரு ஒன்ற வருசமா ஊருக்கே போவலயாம். இப்புடி நான் ஒரு தடவதான் பாத்திருக்கேன், பக்கத்துக் கேம்ப்புக் கம்பெனி மூடிட்டு ஓடுனப்போ.”

“அவங்க டூரிஸ்ட்டா இருப்பாங்க சார்.”

“டூரிஸ்ட்டு ஓட்டல்ல இருப்பான். நீ கேளு. ஸ்பீக்கர்ல போடுறேன். இவங்க பாஸ்போர்ட் யாரு கையில இருக்கு?”

அப்படியெல்லாம் கேட்க முடியாது. நான் படித்தவள். எதிரே இருந்தவர் ஒரு ஜெர்மன் கிழவர். எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்று மரியாதையாகக் கேட்டேன். ஏப்ரல் வரை என்றார். அப்புறம் வீட்டுக்கா என்றேன். வீடா, அதை விற்றுவிட்டோம், இனி இந்த வண்டிதான் என்றார் உற்சாகமாக. பிள்ளைகள் என்றேன். இருக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார்கள் என்றார். ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

“இன்னாலில்லாஹி,” என்றார் அவர், சாவுச் செய்தி கேட்டவர்போல.

என் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அங்கே நடந்ததற்கு அதுதான் காரணம்.

கம்பெனி ஓடிப்போன அந்த நாட்களில் பக்கத்துக் கேம்ப் ஆட்களுக்குப் பதினெட்டு நாள் சோறு போட்டவர் இவர். தன் நானூறு பேரிடமும் தலைக்கு ஒரு பிடி அரிசி வாங்கிச் சமைத்தாராம். அதை அப்பா ராட்சசன் கதையாகத்தான் சொல்வார்: “எங்க அரிசியப் புடுங்கி எவனுக்கோ போட்டான்த்தா.” வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இவர் பிரஷர் குக்கரில் நான்கு தடவையாக நெய்ச்சோறு ஆக்கினார். கறிக்குழம்பும் வைத்தார். கதவு கதவாகத் தட்டி எட்டுப் பேரைக் கூட்டிவந்தார். வண்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, சகனை நடுவில் வைத்தார்.

சகன் என்பது லாத்தாவின் ஊரில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கையிட்டு உண்ணும் பெரிய தட்டு. லாத்தா அதை ஊரிலிருந்து பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எதற்கு என்று இவர் கேட்கவில்லை. பாத்திரம் இருந்தது, எடுத்துக்கொண்டார்.

கிழவர்களுக்கு முழங்கால் மடங்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்றாம். மடங்கிய பிறகு எழுந்திருக்க மனமில்லை. ஒரு பாட்டி குழம்பை விரலால் வழித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்தான் காரணம் என்று லாத்தா சொன்னார். இவர் நம்பவில்லை.

மறுநாள் ஜெர்மன்காரர் நன்றியாக ஒரு வைன் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். நம்முடையவர் அதை வாங்கி, நோட்டில் ‘பறிமுதல், ஒன்று’ என்று குறித்துக்கொண்டு, இது முதல் தடவை என்பதால் விட்டுவிடுகிறேன் என்று தமிழிலேயே எச்சரித்து, சாயங்காலம் திருப்பிக் கொடுத்தார். ஜெர்மன்காரர் அதை ஏதோ இந்தியச் சம்பிரதாயம் என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம். அந்த வாரமே பாத்திரம் கழுவும் குழாய்க்கு முறை வைத்து ஒரு அட்டவணை ஒட்டப்பட்டது. ஒருவரும் எதிர்க்கவில்லை. இவர் வண்டிகளுக்கு நடுவே நடந்துபோனால் செருப்புகள் தாமாகவே வரிசையில் நின்றன.

அதன்பிறகு மூன்று நாள் லாத்தாவிடமிருந்து குரல் பதிவு எதுவும் இல்லை. நாலாம் நாள் அவரே அழைத்தார்.

“மவளே, அந்த யான்புப் பேப்பர டைப் பண்ணிரு. போறாக.”

“என்ன லாத்தா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் இருக்காக. இங்கயும் அவுகளுக்கு ஒரு கேம்ப்பு கெடச்சிருச்சு. அந்தச் சகன எதுக்குத் தூக்கிட்டு வந்தேன் தெரியுமா? நிக்காஹ் அன்னிக்கு ரெண்டு பேரும் ஒரு சகன்ல சாப்புட்டோம். அதோட சரி. அப்புறம் வீட்டுல ஆம்பளைங்க ஒரு பந்தி, பொம்பளைங்க ஒரு பந்தி. இங்கயாவது ஒரு வேள ரெண்டு பேரா ஒண்ணா உக்காரலாம்னு கொண்டாந்தேன். அதுல ஊருக்கே சோறு போட்டாக. எனக்கு எங்கன்னு கேட்டேன். தனித் தட்டுல போட்டு, மூடி வச்சு, அடுப்படியில எடுத்து வச்சிருந்தாக. டூட்டிக்குப் போனவனுக்கு எடுத்து வப்பாகளே, அது மாதிரி.”

பி.காமில் அதற்குப் பாடம் இல்லை.

“அவுக மேல கோவமில்லம்மா. அந்தக் கெழடுகளுக்குப் பரிமாறும்போது மொகத்தப் பாத்தேன். அந்த மொகத்த நான் ஊர்ல ஒரு நாளும் பாத்ததில்ல. ஊர்ல வந்து மாப்பிள்ளையா உக்காந்திருக்கதுக்கு யான்புலயே இருந்துட்டுப் போகட்டும். நீ டைப் பண்ணு.”

அரை மணி நேரத்தில் அவர் அழைத்தார். துணி துவைக்கும் அறையில் நின்றிருந்தார். பின்னால் இயந்திரம் கடகடத்தது.

“ஒன் லாத்தா சொல்லிருப்பாளே. டைப் பண்ணு. கலாஸ், முடிஞ்சுது.”

“உங்களுக்குப் போகணுமா சார்?”

“அவ சொல்லிட்டா. அப்புறம் என்ன? நீ தப்பில்லாம அடி. முப்பத்தாறு கீழ் மவ அடிச்சாத் தப்பு இருக்காது.”

லாத்தாவுக்காக வந்த கோபமா, எனக்காக வந்ததா, இன்றும் தெரியவில்லை. “சார், எனக்கு ஒரு பேரு இருக்கு. டிகிரி சர்ட்டிபிகேட்டுல இருக்கு, என் மேசையில இருக்கு. எங்கப்பா படுத்த கட்டில்தான் நான்னு இன்னும் எத்தன வருஷம் சொல்வீங்க?”

இயந்திரம் நின்று, மறுபடி சுற்றத் தொடங்கியது.

“உங்கப்பா மொதல்ல முப்பத்தாறு மேல்,” என்றார். “அது ஒனக்குத் தெரியாது. தெனம் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன காதுல வச்சிருப்பான். நீ பத்தாங்கிளாசு. பாடத்தப் படிச்சுக் காட்டுவே. அவனுக்கு எழுத்து தெரியாது. ‘ம், அடுத்தது, ம், அடுத்தது’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். பிளக்கு கீழ் பெட்டுக்குத்தான் உண்டு. மேல ஒயர் இழுக்கக் கூடாதுன்னு நான்தான் விதி போட்டேன். பாதிப் பாடத்துல அவன் போனு செத்துப் போகும். எறங்கி நடையில நின்னு ஒரு மாதிரி முழிப்பான். புது நோட்டு போடுற மாசம் வரைக்கும் பாத்தேன். போட்டதும் கீழ இருந்த போர்மேன மேல ஏத்திட்டு உங்கப்பனக் கீழ எறக்குனேன். போர்மேன் மூணு மாசம் என்ன வஞ்சான்.”

என் பார்வை மேசையில் இருந்த பெயர்ப் பலகைக்குப் போயிற்று.

“அந்த ரூம்ல எட்டுப் பேருக்கும் ஒளிச்சேர்க்க தெரியும், தெரியுமா? ஒருத்தன் ஆறாப்புகூடத் தாண்டல. ‘பச்சையம்’ அப்புடிம்பான். அதனாலதாம்மா முப்பத்தாறு கீழ்னு சொல்றது. கேம்ப்புலயே நான் போட்டதுல சரியான பெட்டு அதுதான். ஒன் பேரு எனக்குத் தெரியாமயா இருக்கும்?” பிறகு வேறு ஏதோ நினைவு வந்தவராக, “உங்கப்பன் போன்ல கேட்டப்போ, நீ தனி ரூம்லதான் இருக்கேன்னு அவன்கிட்டயும் சொல்லியிருக்கேன்,” என்றார்.

நேர்முகத் தேர்வுகளில் என் சொந்த முயற்சியால் முன்னேறியவள் என்று ஆங்கிலத்தில் சொல்வது என் வழக்கம். இப்போதும் சொல்கிறேன். அந்த இடத்தில் குரல் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது.

ஆனால் அந்த நேரத்தில் நான் இளகிவிடவில்லை. இளகினால் என் கட்சி தோற்றுவிடும். “எங்கப்பாகிட்ட நீங்க கேக்கவே இல்லையே சார்,” என்றேன். “பாத்தீங்க, எழுதுனீங்க. அது சரியா அமைஞ்சது. லாத்தாவுக்கு முட்டி வலின்னு நீங்களே பாத்தீங்க, கீழ்னு எழுதுனீங்க. அவங்க யான்புப் பேப்பர டைப் பண்ணுன்னாங்க, அதையும் எழுதிக்கிட்டீங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு ஒரு தடவ கேட்டீங்களா?”

“கேக்குற வழக்கமில்ல,” என்றார் மெதுவாக. “நானூறு பேருக்கிட்டக் கேட்டா நானூறு பேரும் கீழ்னுதான் சொல்லுவான்.”

“இங்க ஒருத்தங்கதான் சார் இருக்காங்க.”

இயந்திரம் நின்றது. துணியை எடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சம்மதக் கடிதத்தை அடித்து முடித்தேன். ஒரு பக்கம். பிழை இல்லை. கையெழுத்து வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறு குறி வைத்து, அவர்கள் திரும்பி வரும் தேதிக்கு இழுப்பறையில் எடுத்துவைத்தேன். அவர்கள் வந்த மறுநாள்தான் யான்புவின் கடைசி நாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் லாத்தாவின் குரல். சிரிப்பு முழுதாகத் திரும்பியிருந்தது.

“மவளே, நேத்து நீ இருந்து பாத்திருக்கணும். நெய்ச்சோறு ஆக்குனேன், ஆழாக்கு அரிசிதான். சகனக் கழுவி வச்சாக. கதவச் சாத்துனாக. ஜெர்மன்காரரு வந்து தட்டுறாரு, இவுக உள்ள இருந்து ‘மாஃபி, மாஃபி, ஒண்ணும் இல்ல’ங்குறாக. பாவம் மனுசன், மோந்து பாத்துட்டுப் போயிட்டாரு. சாப்புட்டு முடிச்சு ஏணியில ஒரு கால வச்சாக. வச்ச கால எடுக்கவும் இல்ல, அடுத்த கால வைக்கவும் இல்ல. அப்புடியே நின்னுக்கிட்டு, ‘நீ சொல்லு, நான் மேலா, கீழா?’ங்குறாக. கல்யாணமாயி இத்தன வருசத்துல மொத மொதக் கேக்குறாக. நான் ஒடனே சொல்லலையே. ‘யோசிச்சுச் சொல்றேன், அடுத்த நோட்டு வரைக்கும் பொறுங்க’ன்னுட்டேன்.”

பின்னால் அவர் ஏதோ முணுமுணுப்பது கேட்டது.

“ஏணியிலேயே நின்னாகம்மா. கால் மணி நேரம்.”

குரலுக்குப் பிறகு ஒரு படம் வந்தது. அந்த நீள நோட்டின் ஒரு பக்கம். நேர்கோட்டில் எழுதியதுபோன்ற அவருடைய கையெழுத்து.

அவர்கள் துபாய் வழியாக ஊருக்குப் போன நாளில் கடைக்கு வந்தார்கள். நான் இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதை வாசித்தார். முழுவதும், இரண்டு முறை. “தப்பே இல்ல,” என்றார். பிறகு நான்காக மடித்து, சட்டைப் பையில் மூன்று பேனாக்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அந்தப் பையைத் தாண்டி அது எங்கும் போகவில்லை. ஆயிரத்து இருநூறு கட்டில்களுக்கு வேறு யாரோ பாஸ் ஆகியிருப்பார். ஆட்களைக் கேட்டு எழுதுகிறாரா, கேட்காமல் எழுதுகிறாரா, தெரியாது.

இப்போதும் லாத்தாவின் குரல் பதிவு வருவதுண்டு. அந்த வீட்டில் துணி மடித்துவைத்திருந்த அறை காலியாகிவிட்டதாம். மாமியாருக்கு ஜன்னலோரம், குறட்டை விடும் மைத்துனருக்கு மொட்டைமாடி என்று எல்லோருக்கும் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. “இப்பல்லாம் ஒவ்வொருத்தரையும் கூப்புட்டு, ஒனக்கு எது வேணும்னு கேக்குறாகம்மா,” என்கிறார் லாத்தா. “கேட்டுட்டு, ஏற்கெனவே எழுதி வச்சதப் படிக்கிறாக.”

நான் அதை நம்புகிறேன். அந்த நோட்டின் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. ‘கீழ்’ என்பதற்கு நேரே லாத்தாவின் பெயர் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. ‘மேல்’ என்பதற்கு நேரே ‘நான்’. அந்த ‘நான்’ ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, அதன் பக்கத்தில், வாழ்நாளில் முதன்முறையாகத் திருத்துகிறவரின் கோணல் எழுத்தில், ‘காலி’ என்றிருக்கிறது.